எலிகளின் பூர்வீகம்

வெள்ளைக்கல் தோட்டத்தில் எலி பிடிக்கிற இருளாண்டி எட்டு வருஷமாக அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். 1966ஆம் ஆண்டு மாசி மாதம் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அது அந்தக் கடிதம் அல்ல.

எதிர்பார்த்த கடிதம் பிரஜாவுரிமை பற்றியது. தானும் தன் தகப்பனும் இதே மாத்தளை மாவட்டத்தில், இதே தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் ஏழாம் நம்பர் லயத்தில் பிறந்தவர்கள் என்று எழுதி விண்ணப்பம் போட்டிருந்தார். தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் கன்றுக்குட்டி பிறந்தால் பதிவேட்டில் எழுதுவார்கள். பிள்ளை பிறந்தால் பெயர் வைப்பதோடு சரி. விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக வருஷத்துக்கு ஒருமுறை ஒரு தபாலட்டை வரும். அதையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

வந்த கடிதத்தில் மூன்று முத்திரைகள் இருந்தன. கணக்கப்பிள்ளை வாசித்துச் சொன்னார். கொறிவிலங்கு வதிவிட விசாரணை ஆணைக்குழு தோட்டத்துக்கு வருகிறது. எலிகளைப் பற்றி நன்கு அறிந்தவர் என்ற வகையில் இருளாண்டி சாட்சியாக ஆஜராக வேண்டும். வரும்போது பிரதேசத்து எலி வகைகளைக் கூண்டில் கொண்டுவர வேண்டும். எலிகள் உயிருடன் இருப்பது அவசியம் என்று அடிக்கோடிட்டிருந்தது. சாட்சியைப் பற்றி அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"எலிய விசாரிக்கிறதுக்கு ஒங்க பேரு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் மனைவி சுந்தரம்மா.

இருளாண்டி அதை யோசிக்கவில்லை.

"தொர குடுத்திருப்பாரு."

"தொரைக்கு ஒங்க பேரே தெரியாது. 'எலி'ன்னுதான் கூப்பிடுவாரு. இதுல முழுப்பேரு, அப்பா பேரு, லய நம்பரு எல்லாம் இருக்கு. நம்ம விண்ணப்பத்துல இருந்து எடுத்திருக்காங்க. பாத்துப் பேசுங்க."

ஆணைக்குழு பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொக்கோக் காய்களை எலியும் அணிலும் துளைபோட்டுத் தின்கின்றன என்று மாத்தளைத் தோட்டக்காரர்கள் அரசாங்கத்திடம் விஷம் கேட்டார்கள். வெளியிலிருந்து வந்த பீடைகளை ஒழிக்க ஒரு திணைக்களம் இருந்தது. மண்ணுக்குரிய பிராணிகளைப் பாதுகாக்க இன்னொரு திணைக்களம் இருந்தது. எலி வந்ததா, இருந்ததா என்று தெரியாமல் இரண்டும் கையை வைக்க மறுத்தன. ஆகவே எலியின் பூர்வீகத்தைத் தீர்மானிக்க மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டது. ஆறு மாதத்தில் அறிக்கை தருவதாகச் சொல்லிப் புறப்பட்டவர்கள் வெள்ளைக்கல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது இருபத்திரண்டு மாதம் ஆகியிருந்தது.

கொக்கோ ஸ்டோரில் மேசை போட்டிருந்தார்கள். ஜீப்பில் ஒரு பொலீஸ்காரரும் வந்திருந்தார். எலிக்கு எதற்குப் பொலீஸ் என்று இருளாண்டி தனக்குள் கேட்டுக்கொண்டார். பதில் பிடிக்காததால் மறுபடி கேட்கவில்லை.

தலைவர் முன்பு நீதிபதியாக இருந்தவர். எதிரே நிற்கிறவன் எதையோ மறைக்கிறான் என்ற அவருடைய நம்பிக்கை மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை. அவருக்கு வலப்பக்கம் விலங்கியல் கலாநிதி நல்லையா. யாழ்ப்பாணத்தவர், எலிகளிடம் மிகுந்த மரியாதை உள்ளவர், அதில் மிஞ்சியதை மனிதர்களுக்குக் கொடுப்பார். இடப்பக்கம் நுஹ்மான், மாத்தளை டவுன் பையன், மொழிபெயர்ப்பாளரும் எழுதுவினைஞரும் தேநீர் ஊற்றுபவரும் அவர்தான். தலைவர் சிங்களத்தில் சொல்வதை நுஹ்மான் தமிழிலும், மற்றவர்கள் தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் சொல்லுவார். இருளாண்டிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் தெரியும் என்று சொன்னால் எங்கே, யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்பார்களோ என்று நினைத்துத் தெரியாதவர் போலவே நின்றார்.

கூண்டுகள் வரிசையாக இருந்தன. பதினொரு வீட்டெலி, இரண்டு பெருச்சாளி, ஒரு வெள்ளெலி, உடம்பெல்லாம் குத்துகிற மயிருள்ள காட்டுச் சுண்டெலி, மூன்று அணில், ஒரு முள்ளம்பன்றி, ஒரு மூஞ்சூறு. ஒவ்வொரு கூண்டிலும் இலக்கத் தகடு கட்டியிருந்தது. ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு கோப்பு.

முதலில் மூஞ்சூறு. கலாநிதி அதைக் கையில் எடுத்து வாயைத் திறந்து பார்த்தார்.

"இது எலி இல்லை. இதின்ர பல்லைப் பாரும். ஊசி ஊசியாய் இருக்குது. இது பூச்சி தின்னுற சாதி. எலிக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. ஆரிந்த விசரன் இதைக் கொண்டுவந்தது?"

"நான்தாங்க," என்றார் இருளாண்டி.

எமது அதிகார எல்லைக்குள் வராத பிராணி என்று தலைவர் அறிவித்தார். மூஞ்சூறு விடுவிக்கப்பட்டது. அது சுவரோரமாக ஓடி மறைந்தது. அந்த ஸ்டோரில் அன்று விசாரணை முடிந்து வெளியேறியது அது ஒன்றுதான். பல்லைக் காட்டியவுடன் ஒரு பிராணியை விட்டுவிடுகிறார்களே என்று இருளாண்டிக்குப் பொறாமையாக இருந்தது. தனக்கும் காட்டுவதற்கு அப்படி ஒரு பல் இருந்தால் எட்டு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து முள்ளம்பன்றி. இது பன்றி இனம் அல்ல, எலிக்குத்தான் உறவு என்று கலாநிதி விளக்கினார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எலிக்கு உறவாக இருந்துகொண்டு எதற்காக வேறு பெயரில் வாழ்கிறது? எத்தனை வருஷமாக?"

"அது வைச்ச பெயர் இல்லை ஐயா. சனங்கள் வைச்சது."

"சனங்கள் ஏன் வைத்தார்கள்? யாராவது தூண்டியிருக்க வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்: பெயர் சந்தேகத்துக்குரியது."

நுஹ்மான் எழுதிக்கொண்டார்.

அணிலின் முறை வந்தபோது அதன் முதுகிலுள்ள மூன்று கோடுகள் என்ன என்று தலைவர் விசாரித்தார். அறிவியல் விளக்கம் சொல்லக் கலாநிதி வாயெடுப்பதற்குள், பேசாமல் இருந்தால் மறைப்பதாக நினைப்பார்களோ என்று பயந்து இருளாண்டி முந்திக்கொண்டார்.

"கடலுக்கு நடுவுல பாலம் கட்டினப்போ இதுவும் மண்ணு சொமந்துச்சாம்ங்க. சாமி சந்தோசப்பட்டு முதுகுல தடவிக் குடுத்தாராம். அந்தத் தடம்னு சொல்லுவாங்க."

நுஹ்மான் மொழிபெயர்த்தார்.

"எந்தக் கடல்?" என்று கேட்டார் தலைவர்.

"மன்னாரு கடல்தாங்க."

"எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் பாலம்?"

இருளாண்டிக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அந்தப் பக்கத்துல இருந்து... இந்தப் பக்கத்துக்குங்க."

தலைவர் அணிலைக் கூர்ந்து பார்த்தார். "அனுமதியின்றி நாட்டுக்குள் பிரவேசிக்கப் பாதை அமைத்ததற்கான ஒப்புதல் வாக்குமூலத்தை முதுகிலேயே எழுதி வைத்திருக்கிறது. இவ்வளவு துணிச்சலான பிராணியை நான் பார்த்ததில்லை." மூன்று அணில்களின் கோப்பிலும் சிவப்பு நாடா கட்டப்பட்டது. மரத்துக்கு மரம் பாய்கிற பறக்கும் அணில் ஒன்று இருப்பதாகக் கலாநிதி வாய்தவறிச் சொல்லிவிட்டார். அது பற்றி ஆகாயப் போக்குவரத்தைப் பார்க்கிற திணைக்களத்துக்கு எழுதிக் கேட்டார்கள். பதிவு இலக்கம் இல்லாத எதைப் பற்றியும் கருத்துக் கூற இயலாது என்று அங்கிருந்து பதில் வந்தது.

வீட்டெலிகளின் விசாரணை இருபத்தைந்து நாள் ஒத்திவைக்கப்பட்டது. கூண்டுகள் ஸ்டோரிலேயே இருக்க வேண்டும், முத்திரையை உடைக்கக் கூடாது, சாட்சி தினமும் தீனி போட வேண்டும் என்பது உத்தரவு. இருளாண்டி போட்டார். முப்பது வருஷம் கொன்ற கை, இப்போது தேங்காய்த் துண்டு நறுக்கியது. லயத்தில் சிரித்தார்கள். "எலிக்கு மாமியார் வீடு," என்றார்கள்.

ஆணைக்குழு திரும்பி வந்தபோது பதினொரு எலி ஐம்பத்துமூன்றாக இருந்தது. பூட்டிய கூண்டுக்குள் நாற்பத்திரண்டு பேர் எப்படி நுழைந்தார்கள் என்று தலைவர் பொலீஸ்காரரைக் கேட்டார்.

"நுழையேல்லை ஐயா, பிறந்தது," என்றார் கலாநிதி. "எலிக்கு இருபத்தொரு நாள்தான் கர்ப்பம். ஒருமுறைக்கு ஆறு, ஏழு, எட்டுக் குட்டி. ஐந்து கிழமையிலை பெட்டைக் குட்டியும் குட்டி போடத் தயார்."

"அப்படியானால் இந்த நாற்பத்திரண்டும் அரசாங்க முத்திரைக்குள்ளே, அரசாங்கத்தின் கண் முன்னே, இலங்கையில் பிறந்தவை."

"ஓம்."

இருளாண்டி கூண்டுக்கு அருகே குனிந்தார். ஒரு நிமிஷம் எலிக்குட்டிகளைத் தன் பிள்ளைகள் போலப் பார்த்தார்.

"பிறந்தால் மட்டும் போதாது," என்றார் தலைவர். "தகப்பன் எங்கே பிறந்தது?"

"தகப்பன் ஆரெண்டே தெரியாது. ஒரு கூண்டுக்கை நாலு கடுவன் கிடக்குது."

"தகப்பன் பெயர் தெரியாத நாற்பத்திரண்டு விண்ணப்பதாரர்கள்," என்று தலைவர் பெருமூச்சு விட்டார். "நுஹ்மான், ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு."

மாலைக்குள் கோப்புகள் தயாராகின. மறுநாள் காலையில் பார்த்தால் அவற்றில் ஒன்பதை எலிகள் கம்பிக்குள்ளே இழுத்துத் துருவிப் போட்டிருந்தன. ஆவணங்களை அழித்தல் என்ற தலைப்பில் தலைவர் அரைப் பக்கம் எழுதுவித்தார். கலாநிதிக்கு எலிகளுக்காகக் கோபம் வந்தது.

"அதுகள் வேணுமெண்டு செய்யேல்லை. மேலை ரண்டும் கீழை ரண்டும் முன்பல்லு சாகும்வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும் ஐயா. கொறிச்சுத் தேய்க்காட்டில் பல்லு வளைஞ்சு வாய் மூடேலாமல் பட்டினியாலை செத்துப்போம். பசிக்குக் கொறிக்கிறது கொஞ்சம். கொறிக்காமல் இருக்கேலாது எண்டதுக்காகக் கொறிக்கிறதுதான் கூட."

தலைவர் இதைக் கேட்டு உருகிவிட்டார். எழுந்து நின்று பேசினார். தோட்டத்துத் துரையும் அன்று வந்திருந்ததால் சற்று நீளமாகவே பேசினார்.

"இப்போதுதான் இந்தப் பிராணி எனக்கு விளங்குகிறது. எங்களையும் கேட்கிறார்கள், ஆறு மாதம் என்றீர்களே, இன்னும் முடிவு இல்லையா என்று. முடிவு வேண்டும் என்பதற்காகவா விசாரிக்கிறோம்? விசாரிக்காமல் இருந்தால் ஆணைக்குழு எங்கே இருக்கும்? முடிவு சொன்ன அன்றைக்கு ஜீப்பைத் திருப்பிக் கேட்பார்கள். எங்களுக்கு எவர் மீதும் விரோதம் இல்லை, சந்தேகம் மட்டுமே. சந்தேகப்படுவது மலிவான வேலை. நிரூபிக்க வேண்டிய சிரமம் எதிரே நிற்பவருக்குத்தான். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவரை நான் வணங்குகிறேன்."

துரை கைதட்டினார். இருளாண்டியும் தட்டினார்.

பிறகு நுஹ்மான் ஒரு வரைபடத்தை விரித்துச் சுவரில் குத்தினார். மன்னாரில் தொடங்கி ஒரு சிவப்புக் கோடு காட்டுக்குள் இறங்கித் தம்புள்ளை, நாவுல, நாலந்தை என்று வந்து மாத்தளையில் முடிந்தது. வீட்டெலி இந்த நாட்டுக்குள் வந்த பாதை இதுதான் என்று தான் கருதுவதாகத் தலைவர் சொன்னார். எலி அவ்வளவு தூரம் நடக்காது. ஆகவே அரிசி மூட்டைக்குள் வந்திருக்க வேண்டும். மூட்டை தானாக வராது. ஆகவே அதை ஒருவர் சுமந்திருக்க வேண்டும். வரைபடத்தின் அடியில் 'சுமந்து வந்தவர்' என்று ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது.

இருளாண்டிக்கு அந்தக் கோடு தெரியும். அவருடைய தாத்தா முத்துவீரன் நடந்து வந்த வழி அது. தம்புள்ளையில் எந்த மரத்தடியில் சோறு பொங்கினார்கள், நாலந்தையில் யார் யார் காய்ச்சலில் விழுந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். இத்தனை நாளும் இவர்கள் எலியைத்தான் விசாரிக்கிறார்களா என்று இருந்த சந்தேகம் இப்போது தீர்ந்தது. எலி மூட்டைக்குள் வந்தது என்று முடிவாகிவிட்டால் அடுத்த வரியில் மூட்டை சுமந்தவன் பெயர் வரும். அதற்கடுத்த வரியில் அவனுடைய பேரன் பெயர் வரும். எலியைக் காப்பாற்றினால்தான் தான் தப்பலாம்.

கையைத் தூக்கினார்.

"ஐயா, எலி யாரும் கொண்டாரலைங்க. அது இங்கதான் இருந்துச்சு. எங்க தாத்தா வர்றதுக்கு முந்தியே இருந்துச்சு."

"ஆதாரம்?"

"தாத்தா, பாட்டி, ஒரு வயசுக் கைக்குழந்தை, மூணு பேரும் வந்து லயத்துக் காம்பராவுல படுத்த மொத நாளே எலி குழந்தையோட காதைக் கடிச்சிருச்சு. அவங்க கொண்டாந்தது ஒரு பானையும் ஒரு பாயுந்தாங்க. அரிசி மூட்டை ஏது? வழியெல்லாம் பட்டினி. அப்போ அந்த எலி இங்கத்து எலிதானேங்க? கடிச்ச காது சாகுறவரைக்கும் அரைக்காதாத்தான் இருந்துச்சு. தோட்டமே பாத்திருக்கு."

கலாநிதி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு எலிகள் சார்பில் ஒரு மனிதன் பேசி அன்றுதான் கேட்கக் கிடைத்தது. "இது நல்ல சாட்சியம் ஐயா. அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தியே மனிசர் வரேக்கை எலி அங்கை குடியிருந்திருக்குது. இதுக்கு மேலை என்ன வேணும்?"

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கண்டி ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "சத்தியத்தின் பேரில் பூர்வீக சாட்சியப் படிவத்தை நிரப்புங்கள்," என்றார்.

நுஹ்மான் படிவத்தை எடுத்துக்கொண்டு இருளாண்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"செல்லுங்கண்ணே. காதுல கடி வாங்கின பிள்ளை யாரு?"

"எங்க பெரியப்பா. ராமன்னு பேரு. அப்பா அதுக்கு நாலு வருசத்துக்குப் பொறகு இங்க பொறந்தாரு. ஏழாம் நம்பர் லயத்துல."

நுஹ்மான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "பெரியப்பாக்கு எடமில்லையே அண்ணே. பாட்டன் ஈக்கிது, தகப்பன் ஈக்கிது, சாட்சி ஈக்கிது. வேற கட்டமில்ல."

"ஓரத்துல எழுதுங்க தம்பி."

"ஓரத்துல எழுதினா படிவம் செல்லாது. புதுசா அச்சடிக்கக் கொழும்புக்கு எழுதணும். ஆறு மாசம் போகும். அதுக்குள்ள அந்தக் கட்டத்த வேற ஆரும் நெரப்பிடுவாங்க." கண்ணால் வரைபடத்தைக் காட்டினார். "தகப்பன்ட எடத்துல போடுறன்."

"எங்கப்பா இங்க பொறந்தவரு தம்பி. அதுக்குத்தான் எட்டு வருசமா..."

"தெரியுமண்ணே. இது எலிட கேஸ். எலிட கேஸ்ல ஒங்கட அப்பா எங்க பொறந்தா என்ன? எலிக்கித்தானே."

ஜீப் உறுமியது. தலைவர் தொப்பியைத் தேடினார். இருளாண்டி வரைபடத்தின் வெறுங்கட்டத்தை ஒருமுறை பார்த்தார். கட்டைவிரலை மையில் அமுக்கிப் படிவத்தில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சுந்தரம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"எலிக்குத்தானேன்னு யாரு சொன்னது?"

"அந்த நுஹ்மான் தம்பி. நல்ல பையன்."

"நல்ல பையன்தான். வைக்கிற கைநாட்டு அவன்து இல்லியே."

நான்கு மாதத்தில் அரசாங்க இதழான வர்த்தமானியில் அறிவிப்பு வந்தது. மாத்தளை மாவட்டத்து வீட்டெலி இம்மண்ணுக்கே உரிய பூர்வீகப் பிராணி என்று பிரகடனம் செய்யப்பட்டது. கூண்டில் பிறந்த குட்டிகளும் தகப்பன் விவரம் கோரப்படாமல், விசேட கருணையின் பேரில், சேர்த்துக்கொள்ளப்பட்டன. அதற்குள் அவற்றுக்கே குட்டிகள் இருந்தன. அவற்றுக்கும் வம்சாவளியாக உரிமை உண்டு. கொக்கோ ஸ்டோர் வாசலில் வாழைமரம் கட்டி விழா நடந்தது. தலைவர் நாடாவை வெட்டினார். கலாநிதி கண் கலங்கினார். கூண்டுகள் திறக்கப்பட்டு நூற்றுப்பதினெட்டு எலிகள் நேரே கொக்கோக் காட்டுக்குள் போயின. பூர்வீகப் பிராணியைப் பிடிப்பது குற்றம் என்பதால் இருளாண்டியின் பொறிகளைத் துரை அன்றே திருப்பி வாங்கிக்கொண்டு அவரைப் புல்லு வெட்டுக்குப் போட்டார்.

எதிர்பார்த்த கடிதம் அடுத்த தை மாதம் வந்தது. கண்டியில் விசாரணை.

இருளாண்டி ஒரு தகரப்பெட்டி நிறைய ஆதாரங்கள் கொண்டுபோனார். தகப்பனின் பெயர் இருந்த பழைய தோட்டச் சீட்டு, மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு அவர் கொடுத்த பணத்துக்கான ரசீதுத் துண்டு, அவர் இங்கே பிறந்தவர் என்று செத்துப்போன கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுத்த கடிதம், எட்டுத் தபாலட்டைகள். விசாரணை அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோட்டச் சீட்டில் வயது இல்லை. கோவில் துண்டு சாமிக்குக் கொடுத்ததற்குச் சாட்சி, பிறந்ததற்கு அல்ல. கணக்கப்பிள்ளை செத்தவர், குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

"உமது தகப்பன் பிறப்பு பற்றிச் சத்தியம் செய்து கொடுத்த ஆவணம் எதுவும் இல்லையா?"

"இல்லீங்க."

"இருக்கிறது," என்றார் அதிகாரி. மேசைக்குள்ளிருந்து தடித்த ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டையில் எலியின் படம் போட்டிருந்தது. இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தைத் திருப்பி வாசித்தார். "சாட்சியின் பாட்டன் முத்துவீரன், மனைவியுடனும், சாட்சியின் தகப்பனான ஒரு வயதுக் குழந்தையுடனும் மன்னார் வழியாக நடந்து வந்து சேர்ந்தார். அன்றே குழந்தையின் காதை எலி கடித்தது."

"அது எங்க பெரியப்பாங்க! எங்கப்பாவுக்கு ரெண்டு காதும் முழுசா இருந்துச்சுங்க!"

"கைநாட்டு யாருடையது?"

"என்னோடதுதாங்க. படிவத்துல பெரியப்பாவுக்கு எடமில்லைன்னு..."

"இந்தக் கோப்பில் சத்தியத்தின் பேரில் கொடுக்கப்பட்டது இது ஒன்றுதான். அரசாங்கம் இதை ஏற்றுக்கொண்டு வர்த்தமானியிலும் போட்டுவிட்டது."

இருளாண்டி வாழ்நாளில் ஓர் அதிகாரியை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினார். "அது தப்புன்னா எலி கேசும் தப்புதானேங்க ஐயா? என் பேச்ச வச்சுத்தானே எலிக்குக் குடுத்தீங்க? அதே வாய்தாங்க இது."

அதிகாரி அவரை முதல்முறையாக இரக்கத்தோடு பார்த்தார். "எலி சம்பந்தமாக நீர் சொன்னதை நாங்கள் சந்தேகிக்கவில்லை. அதில் உமக்கு எந்த லாபமும் இல்லை. உம்மைப் பற்றி நீர் சொல்வதைத்தான் சந்தேகிக்கிறோம். அதில் உமக்கு லாபம் இருக்கிறது. மேலும் எலியின் கோப்பை மறுபடி திறந்தால், ஒருமுறை உரிமை கொடுத்துவிட்டுப் பறித்ததாகிவிடும். அது அநீதி."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இருளாண்டி மாத்தளையில் இறங்கி நுஹ்மானைத் தேடிப் போனார். நுஹ்மான் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எனக்கு அல்லாஹ்ட மன்னிப்பு இல்லை அண்ணே," என்றார். தலைவருக்கு எழுதினார். ஆணைக்குழு இப்போது முயலை விசாரித்துக்கொண்டிருப்பதாகவும், முயல் எலி இனம் அல்ல என்று கலாநிதி சொல்வதால் அதுபற்றி முதலில் விசாரிக்க வேண்டியிருப்பதாகவும், பழைய கோப்புகளைப் பார்க்க அவகாசம் இல்லை என்றும் பதில் வந்தது. அடுத்த முறை படிவம் அச்சடிக்கும்போது பெரியப்பாவுக்கு ஒரு கட்டம் சேர்க்கப் பரிந்துரைத்திருந்தார்கள்.

உரிமை கிடைக்காதவர்களைக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அனுப்பப்படுகிறவர்களின் பட்டியலில் இருளாண்டியின் குடும்பத்துக்கு 1970ஆம் ஆண்டு ஆனி மாதம் தேதி வந்தது.

தலைமன்னார் துறையில் வரிசை நீளமாக இருந்தது. கடைசி மேசையில் இளம் அதிகாரி ஒருவர் கைநாட்டுக்கு மை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டுப் படிவங்கள் முடிந்து ஒன்பதாவதை நீட்டினார்.

"மூட்டையில் எலி இருக்கிறதா?"

"எலியாங்க?"

"நம்முடைய நாட்டு எலி. பூர்வீகப் பிராணியை வெளியே கொண்டுபோகத் தடை. இல்லை என்று கைநாட்டு வையும்."

இருளாண்டி கட்டைவிரலை மையில் தோய்த்தார். தோய்த்தவர் சற்று நின்றார்.

"இருந்தா என்னங்க செய்வீங்க?"

அதிகாரி அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். ஆனாலும் கேள்வி சட்டப்படி சரியானது என்பதால் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "இருந்தால் பயணம் நிறுத்தப்படும். எலியை அது பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ரயில் செலவு அரசாங்கத்துடையது. பழக்கமில்லாத கை பட்டால் பயந்து சாகும் என்பதால், கொண்டுவந்தவரே கூடப் போய் அதே லயத்தில் விட்டு, அது சௌக்கியமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்."

"எவ்வளவு நாளைக்குங்க?"

"எலி வம்சம் இருக்கிறவரைக்கும் என்று போட்டிருக்கிறது."

இருளாண்டி மைவிரலை வேட்டியில் துடைத்தார்.

"சுந்தரம்மா, மூட்டைய எறக்கு."

இருவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்த்தார்கள். துணிகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். பாயைப் பிரித்தார்கள். பானைக்குள் கையை விட்டுத் துழாவினார்கள்.

"என்ன தேடுகிறீர்?" என்று அதிகாரி எழுந்தார்.

"எலிங்க. இருக்கும்ங்க. முப்பது வருசம் எலியோட இருந்தவன் மூட்டையில ஒண்ணாவது இல்லாம இருக்காதுங்க."

"அரிசிப் பைய நல்லாப் பாருங்க," என்றாள் சுந்தரம்மா. "அடியில பாருங்க."

பின்னால் நின்றவர்கள் என்ன என்று கேட்டார்கள். முன்னால் நின்றவர்கள் சொன்னார்கள். செய்தி வரிசையோடு பின்னுக்குப் போயிற்று. கப்பல் இரண்டாம் முறை ஊதியபோது, துறையில் நின்ற இருநூற்றுச் சொச்சம் பேரும் தங்கள் தங்கள் மூட்டைகளைத் தரையில் இறக்கி வைத்து, முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.